ஆய்வுக்கான பொது மின்னணுக் கட்டமைப்பு: கொள்கை வரைவைக் கையிலெடுப்பவருக்கு ஒரு வழிகாட்டி

பல நிறுவனங்களைச் சேர்ந்த அறிவியலாளர்கள் பொதுவாகப் பயன்படுத்தப்போகும் கணினி வசதி, தரவுக் களஞ்சியம், வலையமைப்பு ஆகியவற்றுக்கு ஒரு கொள்கை எழுத வேண்டும். அமைச்சகம், பல்கலைக்கழகம், ஆய்வுக்கு நிதி வழங்கும் அமைப்பு என்று ஏதோ ஓரிடத்திலிருந்து அந்தப் பொறுப்பு உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. நீங்கள் அறிவியலாளராக இருந்தால் கொள்கை எழுதும் முறை புதிதாக இருக்கும். நிர்வாகத்திலிருந்து வந்தவராக இருந்தால் தொழில்நுட்பம் புதிதாக இருக்கும். இரு தரப்பினரையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதல் கூட்டத்தில் எல்லோரும் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவார்கள். எத்தனை பெட்டாபைட், எந்தச் சிப், எந்த நிறுவனம் என்று பேச்சு நீளும். நீளட்டும். நீங்கள் குறிப்பேட்டில் ஒரு கேள்வியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஆறாவது ஆண்டில் இதற்குப் பணம் கொடுப்பது யார், பார்த்துக்கொள்வது யார்? திறப்பு விழா வரையிலான செலவுக்கு ஒப்புதல் வாங்க நல்ல கொள்கை தேவையில்லை, நல்ல பேச்சாளர் ஒருவர் போதும். அதற்குப் பிறகு வரும் ஆண்டுகளுக்காகத்தான் கொள்கை எழுதுகிறோம்.

முதல் படி: எல்லையை வரையுங்கள்

கட்டமைப்பு என்றதும் சூப்பர் கம்ப்யூட்டர் மட்டுமே நினைவுக்கு வருகிறது. வரைவின் முதல் பக்கத்திலேயே அதன் அடுக்குகளைப் பிரித்து எழுதிவிடுங்கள்.

அடித்தளத்தில் இருப்பது வலையமைப்பு. ஆய்வு நிறுவனங்களை இணைப்பதற்கென்றே தனி வலையமைப்புகள் உலகெங்கும் இருக்கின்றன: ஐரோப்பாவில் ஜியான்ட், லத்தீன் அமெரிக்காவில் ரெட்கிளாரா, இந்தியாவில் தேசிய அறிவு வலையமைப்பு. அதற்கு மேலே கணிப்புத் திறன், சேமிப்பு, தரவுக் களஞ்சியங்கள். இவற்றுக்குள் நுழைய ஒரு பொது அடையாள முறை வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்தின் கணக்கைக் கொண்டு இன்னொரு பல்கலைக்கழகத்தின் வைஃபையில் இணைய உதவும் எடுரோம் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்குகிறது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, அவ்வளவு இயல்பாக வேலை செய்கிறது. அடுத்தது நிலையான அடையாள எண்கள்: ஆய்வாளருக்கு 2012-இல் தொடங்கிய ஆர்கிட் எண், கட்டுரைக்கும் தரவுத் தொகுப்புக்கும் டிஓஐ எண். பிறகு மென்பொருள். எல்லாவற்றையும் இயக்கும் மனிதர்கள் கடைசியாகப் பட்டியலில் வருகிறார்கள், நிதி வெட்டு வந்தால் முதலில் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறார்கள்.

உங்கள் கொள்கை இவை அனைத்தையும் கட்டி எழுப்ப வேண்டிய அவசியமில்லை. எதைக் கட்டப் போகிறோம், எதில் உறுப்பினராகச் சேரப் போகிறோம், எதைத் தொடவே மாட்டோம் என்று அடுக்குக்கு அடுக்கு ஒரு வரி எழுதினால் போதும். அடையாள எண்களுக்கு ஏற்கெனவே உலகளாவிய ஏற்பாடு இருக்கும்போது தனியாக ஒன்றை உருவாக்குவது வீண் செலவு. அப்படி யாராவது முன்மொழிந்தால் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: பயன்படுத்தப்போகிறவர்களிடம் போய்ப் பேசுங்கள்

படிவம் அனுப்பிக் கருத்துக் கேட்பது எளிது. வரும் பதில்கள் பெரும்பாலும் பெரிய ஆய்வுக்குழுக்களிடமிருந்துதான் வரும். பதில் எழுத அவர்களிடம் ஆள் இருக்கிறது. சிறிய ஆய்வகங்களுக்கு நேரில் போங்கள். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்காமல், "கடைசியாக வெளியிட்ட கட்டுரையின் தரவு இப்போது எங்கே இருக்கிறது? அதைத் திறந்து காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். மேசை இழுப்பறையில் இருக்கும் ஒரு வன்தட்டையோ, படிப்பை முடித்துப் போய்விட்ட மாணவரின் மடிக்கணினியையோ பற்றிய கதைகள் அப்போதுதான் வெளியே வரும். உங்கள் கொள்கை தீர்க்க வேண்டிய சிக்கல் அந்தக் கதைகளில் இருக்கிறது.

துறைக்குத் துறை தேவை மாறும். கடலில் மிதக்கும் சுமார் 4,000 ஆர்கோ மிதவைகள் வெப்பநிலை, உப்புத்தன்மை அளவீடுகளை அனுப்புகின்றன. அவற்றில் பெரும்பகுதி 24 மணி நேரத்துக்குள் யாரும் பார்க்கும்படி வெளியாகிவிடுகிறது. அங்கே வேகம் உயிர்நாடி. புரதங்களின் வடிவங்களைச் சேமிக்கும் புரோட்டீன் டேட்டா பேங்கில் பல பத்தாண்டுகள் நிலைத்திருப்பதும் ஒவ்வொரு பதிவும் சரிபார்க்கப்படுவதும் முக்கியம். ஜெனீவாவுக்கு அருகில், அணுத்துகள்களை மோதவிட்டு ஆராயும் பெரிய ஹாட்ரான் மோதுவியின் தரவு ஒரே இடத்தில் அடங்காது. 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ள சுமார் 170 கணினி மையங்கள் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. கருந்துளையின் முதல் படத்துக்காக 2017-இல் ஈவென்ட் ஹொரைசன் தொலைநோக்கிகள் திரட்டிய தரவோ வலையமைப்பில் அனுப்ப முடியாத அளவுக்குப் பெரியது. வன்தட்டுகளை விமானத்தில்தான் அனுப்பினார்கள். தென் துருவத்தில் பதிவான வன்தட்டுகள் அங்கே குளிர்காலம் முடிந்து விமானங்கள் பறக்கத் தொடங்கும் வரை காத்திருந்தன. எல்லாத் துறைக்கும் ஒரே விதி என்று எழுதப்படும் கொள்கை ஒரு துறைக்கும் பொருந்தாமல் போகும் என்பதற்காகவே இத்தனை எடுத்துக்காட்டுகள். பொது விதிகளைச் சுருக்கமாக வைத்து, துறை சார்ந்த விதிகளை இணைப்பாகச் சேர்க்க இடம் விடுங்கள்.

மூன்றாம் படி: முடிவெடுப்பது யார் என்று எழுதுங்கள்

2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், மீன்பிடிப் பகுதிகளையும் பாசன ஏற்பாடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் மக்கள் எப்படிக் கூட்டாகக் காத்து வந்தார்கள் என்று பல நாடுகளில் ஆராய்ந்தவர். நெடுங்காலம் நிலைத்த ஏற்பாடுகளில் அவர் கண்ட பொது அம்சங்களில் சில: பயன்படுத்துபவர்களுக்கே விதிகளை மாற்றும் உரிமை இருந்தது, விதி மீறலைக் கண்காணிக்க ஆள் இருந்தது, தண்டனை சிறியதில் தொடங்கிப் படிப்படியாகக் கூடியது, சச்சரவைச் செலவில்லாமல் தீர்த்துக்கொள்ள ஓர் இடம் இருந்தது. பொதுக் கணினி நேரத்துக்கும் பொதுத் தரவுக்கும் இவை அப்படியே பொருந்தும்.

ஆகவே ஆட்சிக்குழுவில் யார் இருப்பார்கள், எத்தனை ஆண்டுகள் இருப்பார்கள், பயனர்களின் பங்கு எவ்வளவு, கூட்டக் குறிப்புகள் எங்கே வெளியிடப்படும் என்பவற்றைக் கொள்கையிலேயே எழுதுங்கள். "பின்னர் முடிவு செய்யப்படும்" என்று விட்டால் அந்தப் பின்னர் வரவே வராது. நிதி கொடுப்பவரின் பிரதிநிதிகள் குழுவில் இருக்கலாம். ஆனால் பாதிக்குக் குறையாத இடங்கள் அன்றாடம் பயன்படுத்துபவர்களுக்கும் இயக்குபவர்களுக்கும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த இடங்களில் ஒன்றாவது இளம் ஆய்வாளருக்குப் போக வேண்டும்.

கணினி நேரத்தைப் பங்கிடுவதற்கு இரண்டு வழிகளையும் ஒருசேர வையுங்கள். பெரிய கோரிக்கைகளைத் துறை வல்லுநர்கள் ஆய்ந்து ஒதுக்கட்டும். புதியவர்களுக்கு ஒரு சிறு ஒதுக்கீடு, நீண்ட விண்ணப்பமின்றிச் சில நாள்களில் கிடைக்கட்டும். இந்த இரண்டாவது வழி இல்லாத மையங்களில் ஏற்கெனவே பெயர் பெற்றவர்களே மீண்டும் மீண்டும் இடம் பிடிப்பார்கள்.

பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஏற்பாடாக இருந்தால் சட்ட வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இதற்காகவே 2009-இல் தனிச் சட்ட வடிவம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கூட்டு நிறுவனத்துக்கும் புதிதாக ஓர் ஒப்பந்தம் எழுத வேண்டிய சுமை அதனால் குறைந்தது. புரோட்டீன் டேட்டா பேங்க் வேறு வழியில் போனது: 2003-இல் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய இடங்களின் மையங்கள் உலகளாவிய ஒரே தொகுப்பைக் கூட்டாகப் பராமரிப்பதென்று உடன்பாடு செய்துகொண்டன. இரண்டு முறைகளும் நடைமுறையில் நிற்கக்கூடியவை. யார் பெயரில் வேலை ஒப்பந்தம், யார் பெயரில் சொத்து என்ற கேள்விகளுக்கு விடை இருந்தால் போதும்.

நான்காம் படி: பணம்

இந்தப் படியில் நேரத்தைத் தாராளமாகச் செலவிடுங்கள்.

2011-இல் அமெரிக்காவின் தேசிய உயிர்த்தொழில்நுட்பத் தகவல் மையம், மரபணு வரிசைத் தரவுகளைச் சேமிக்கும் தன் பெரிய காப்பகத்தை நிதி நெருக்கடியால் நிறுத்தப்போவதாக அறிவித்தது. பிறகு நிதி கிடைத்து அது தப்பியது. அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியைப் பற்றிய தரவுத்தளம், தாவர அறிவியலில் உலகம் முழுவதும் பயன்படுத்தப்படுவது, 2013-இல் தன் முதன்மை அரசு நிதியை இழந்தது. நடத்தியவர்கள் ஓர் இலாப நோக்கற்ற அமைப்பை ஏற்படுத்தி, சந்தா வழிக்கு மாறி அதைக் காப்பாற்றினார்கள். பிரிட்டனில் கலை, மானுடவியல் துறைகளுக்கான தரவுச் சேவை 2008-இல் நிதி நிறுத்தப்பட்டு முடிவுக்கு வந்தது. இந்த மூன்றையும் பயன்படுத்த ஆளில்லை என்று யாரும் சொல்லவில்லை. திட்ட நிதியை நம்பிக் கட்டமைப்பை நடத்தினால் இதுதான் நேரும். மூன்றாண்டுத் திட்டம் முடிந்ததும், "புதிதாக என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று நிதிக்குழு கேட்கும். "நேற்றுச் செய்ததையே நாளையும் ஒழுங்காகச் செய்யப் போகிறோம்" என்ற நேர்மையான பதிலுக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

எனவே கட்டமைப்புக்கான நிதியை ஆய்வுத் திட்ட நிதியிலிருந்து பிரித்துத் தனித் தலைப்பில் வையுங்கள். கணக்கில் ஐந்து இனங்கள் இருக்க வேண்டும்: வாங்கும் செலவு, மின்சாரமும் குளிரூட்டலும், ஊழியர் ஊதியம், நான்கைந்து ஆண்டுகளில் கருவிகளை மாற்றும் செலவு, மூட நேர்ந்தால் தரவை வேறிடத்துக்கு மாற்றும் செலவு. கடைசி இரண்டையும் பெரும்பாலான வரைவுகள் விட்டுவிடுகின்றன. 2015-இல் முன்வைக்கப்பட்ட திறந்த அறிவுக் கட்டமைப்புக் கோட்பாடுகள், ஓராண்டு இயங்கப் போதுமான இருப்பு நிதியும் ஒழுங்காக மூடுவதற்கான திட்டமும் வேண்டும் என்று சொல்கின்றன. அதை அப்படியே உங்கள் வரைவில் எடுத்துக்கொள்ளலாம்.

வருவாய்க்கு வழிகள் சில உண்டு. அரசின் நேரடி நிதி மிகவும் உறுதியானது, ஆனால் ஆட்சி மாறினால் ஆட்டம் காணும். உறுப்பினர் கட்டணத்தில் இயங்குவதற்கு ஆர்கிட் நல்ல எடுத்துக்காட்டு: நிறுவனங்கள் கட்டணம் செலுத்துகின்றன, தனி ஆய்வாளருக்கு எண் இலவசம். 1991-இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ், முன்வரைவுக் கட்டுரைகளுக்கான களஞ்சியம், பல்கலைக்கழக ஆதரவு, அறக்கட்டளை நிதி, உறுப்பு நிறுவனங்களின் பங்களிப்பு ஆகியவற்றைச் சேர்த்து ஓடுகிறது. ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் ஆய்வாளரிடம் கட்டணம் வாங்குவதை மட்டும் கடைசி வழியாக வைத்திருங்கள். பணமுள்ள ஆய்வகங்களுக்கு அது தடையாகாது. பணமில்லாத ஆய்வகங்கள் சத்தமில்லாமல் விலகிவிடும், விலகியவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் தெரிய மாட்டார்கள்.

நிதித்துறையிலிருந்து வருபவர், "இதனால் என்ன பயன்?" என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். அவரிடம் புரோட்டீன் டேட்டா பேங்கின் வரலாற்றைச் சொல்லுங்கள். 1971-இல் அது தொடங்கியபோது அதில் இருந்தவை 7 வடிவங்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாக, ஒவ்வொரு வடிவமாக, உலகெங்குமுள்ள ஆய்வாளர்கள் சேர்த்துச் சேர்த்து அது 2 லட்சத்தைத் தாண்டியது. அந்தத் திறந்த தொகுப்பைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு, புரத வடிவங்களைக் கணிக்கும் நெடுநாள் சிக்கலில் பெரும் முன்னேற்றம் கண்டது. 2024-இல் வேதியியல் நோபல் பரிசின் ஒரு பகுதி அதற்குப் போனது. 1971-இல் எந்த நிதிக்குழுவும் இப்படி ஒரு பயனை விண்ணப்பத்தில் கேட்டிருக்க முடியாது.

ஐந்தாம் படி: தரவை யார், எப்போது, எப்படிப் பார்க்கலாம்

இரண்டு ஆவணங்களை முதலில் படித்துவிடுங்கள். ஒன்று, 2016-இல் வெளியான ஃபேர் கோட்பாடுகள்: தரவு தேடினால் கிடைக்க வேண்டும், அணுக முடிய வேண்டும், பிற தரவுகளோடு சேர்ந்து இயங்க வேண்டும், மறுபடி பயன்பட வேண்டும். இன்னொன்று, 2021 நவம்பரில் யுனெஸ்கோ ஏற்ற திறந்த அறிவியல் பரிந்துரை. உங்கள் வரைவை எதிர்ப்பவர்களிடம் சான்றாகக் காட்ட இது பயன்படும்.

எப்போது வெளியிடுவது என்பதில் தெளிவான கெடு வையுங்கள். மனித மரபணுத் திட்டத்தின் ஆய்வாளர்கள் 1996-இல் பெர்முடாவில் கூடி, ஓரளவு நீளமுள்ள வரிசைகளை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வைப்பதென்று முடிவெடுத்தார்கள். அந்த ஒரு வரி எவ்வளவு தெளிவானது என்று பாருங்கள். "உரிய காலத்தில்", "இயன்றவரை விரைவாக" என்றெல்லாம் எழுதாதீர்கள். கட்டுரை வெளியாகும் நாள், அல்லது திட்டம் முடிந்து ஓராண்டு, எது முந்தியதோ அது என்று எழுதுங்கள். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011 ஜனவரி முதலும், தேசிய சுகாதார நிறுவனங்கள் 2023 ஜனவரியில் விரிவாக்கிய விதிகளின்படியும் விண்ணப்பத்தோடு தரவு மேலாண்மைத் திட்டம், அதாவது தரவை எப்படிச் சேமித்துப் பகிரப் போகிறோம் என்ற குறிப்பு, கேட்கின்றன. நீங்களும் கேளுங்கள். ஆனால் ஆய்வு முடியும்போது அந்தக் குறிப்பில் சொன்னது நிறைவேறியதா என்று யார் பார்ப்பார் என்பதையும் அதே பத்தியில் எழுதுங்கள்.

எல்லாத் தரவையும் திறந்துவிட முடியாது. ஹென்ரியெட்டா லாக்ஸ் 1951-இல் மறைந்தார். அவர் உடலிலிருந்து அனுமதியின்றி எடுக்கப்பட்ட உயிரணுக்கள் உலக ஆய்வகங்களில் இன்றும் வளர்கின்றன. 2013-இல் அவற்றின் முழு மரபணு வரிசை குடும்பத்தைக் கேட்காமலே வெளியிடப்பட்டது. எதிர்ப்பு எழுந்து, அந்த வரிசையை யார் பார்க்கலாம் என்று முடிவெடுக்கும் குழுவில் குடும்பத்தினருக்கும் இடம் தரும் உடன்பாடு அதே ஆண்டில் ஏற்பட்டது. நோயாளிகள், பழங்குடிகள், அழியும் தறுவாயிலுள்ள உயிரினங்களின் இருப்பிடம் ஆகியவற்றைத் தொடும் தரவுக்கு முழுவதும் திறந்தது, பதிவு செய்து பெறுவது, குழு அனுமதியோடு பெறுவது என்று மூன்று நிலைகளை வையுங்கள். பழங்குடித் தரவுக்கென 2019-இல் உருவான கேர் கோட்பாடுகளையும் சேர்த்துப் பாருங்கள். தரவு மூடியிருந்தாலும் அப்படி ஒரு தரவு இருக்கிறது என்ற விவரக்குறிப்பு மட்டும் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவர் அதே அளவீட்டை மறுபடி முதலிலிருந்து செய்வார்.

ஆறாம் படி: இழப்புக்கும் ஊடுருவலுக்கும் ஆயத்தமாகுங்கள்

2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில், காப்பு நகல் எடுக்கும் நிரலில் நேர்ந்த பிழையால் 77 டெராபைட் தரவு அழிந்தது. 14 ஆய்வுக்குழுக்கள் பாதிக்கப்பட்டன. 2020 மே மாதத்தில் ஐரோப்பாவின் பல சூப்பர் கம்ப்யூட்டர் மையங்கள் ஊடுருவலால் தற்காலிகமாக மூடப்பட்டன. பயனர்களிடமிருந்து திருடப்பட்ட நுழைவு விவரங்களே அதற்கு வழி திறந்தன. பல நிறுவனங்கள் பகிரும் இடத்தில் ஒருவரின் கவனக்குறைவு எல்லோருக்கும் கதவைத் திறந்துவிடும்.

கொள்கையில் தொழில்நுட்ப விவரம் வேண்டாம், அது பழசாகிவிடும். மூன்று கடமைகளை மட்டும் எழுதுங்கள்: காப்பு நகல் வேறொரு ஊரில் இருக்க வேண்டும், அதிலிருந்து தரவை உண்மையிலேயே மீட்டெடுத்துப் பார்க்கும் சோதனை ஆண்டுக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும், ஊடுருவல் நேர்ந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் பயனர்களுக்குச் சொல்ல வேண்டும் என்ற கெடு இருக்க வேண்டும்.

ஏழாம் படி: கொள்முதல்

வாங்கும் எந்தச் சேவையிலிருந்தும் வெளியேறும் வழி ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் மேகக் கணிமைச் சேவைகளில் தரவை உள்ளே போடுவது பெரும்பாலும் இலவசம், வெளியே எடுப்பதற்குக் கட்டணம் வாங்குவது வழக்கம். அந்தக் கட்டணத்தையும் சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள். திறந்த கோப்பு வடிவங்களைக் கட்டாயமாக்குங்கள். பொதுப் பணத்தில் எழுதப்படும் மென்பொருள் திறந்த உரிமத்தில் வெளியாக வேண்டும். 1993 ஏப்ரல் 30 அன்று ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் உலகளாவிய வலையின் மென்பொருளைக் கட்டணமின்றிப் பொதுவுக்கு விட்டது. ஆய்வகத்தின் ஒரு சிறு அறிக்கையால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை அந்த நாளிலிருந்து கற்கலாம்.

எட்டாம் படி: இயக்குபவர்களுக்கு ஒரு பணிப்பாதை

கட்டமைப்பைத் தாங்கும் மென்பொறியாளர், தரவுக் காப்பாளர், கணினி நிர்வாகி ஆகியோர் பல இடங்களில் தற்காலிக ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். கட்டுரை எழுதாததால் ஆய்வாளர் பதவி உயர்வு இல்லை, நிர்வாகப் பணியாளராகவும் கணக்கில் இல்லை. இவர்களுக்கென ஆய்வு மென்பொறியாளர் என்ற பதவிப் பெயர் 2012 முதல் பிரிட்டனில் பரவத் தொடங்கி இன்று பல நாடுகளில் சங்கங்கள் கண்டிருக்கிறது. உங்கள் கொள்கையில் நிரந்தரப் பணியிடங்கள் எத்தனை, அவற்றின் படிநிலைகள் என்ன என்பது எண்ணிக்கையோடு இருக்க வேண்டும். சொல்லப்போனால், வரைவில் நான் முதலில் தேடிப் பார்க்கும் பத்தி இதுதான். இது வலுவில்லாவிட்டால் மற்றவை காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

ஒன்பதாம் படி: எழுதி, காட்டி, திருத்துங்கள்

கொள்கை உரை பத்துப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். விவரங்கள் இணைப்புகளில் இருக்கட்டும், அவற்றை ஆட்சிக்குழுவே மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு விதிக்கும் எதிரே பொறுப்பாளர் பதவியையும் கெடுவையும் குறியுங்கள். குறிக்க முடியாத விதி விருப்பம் மட்டுமே, அதை நீக்குங்கள். ஒன்றிரண்டு துறைகளில் ஓராண்டு நடத்திப் பார்த்த பிறகு விரிவாக்குங்கள். வெற்றியை அளக்கும்போது கணினி எத்தனை விழுக்காடு இயங்கியது என்பதோடு நிற்காமல், எத்தனை புதிய நிறுவனங்கள் உள்ளே வந்தன, ஒருவர் சேமித்த தரவை வேறொருவர் எத்தனை முறை பயன்படுத்தினார் என்பவற்றையும் பாருங்கள். முதல் மறுஆய்வு எந்த மாதத்தில் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள்.

வரைவு முடிந்ததும் குழுத் தலைவருக்கு அனுப்புவதற்கு முன், சர்வர் அறையில் வேலை செய்யும் ஒருவரிடமும் முதலாண்டு ஆய்வு மாணவர் ஒருவரிடமும் கொடுங்கள். சர்வர் அறையில் வேலை செய்பவரிடம், இதிலுள்ள எந்த விதியை உங்களால் நடைமுறைப்படுத்த முடியாது என்று கேளுங்கள். மாணவரிடம், உங்கள் தரவை நாளை இங்கே சேமிக்க வேண்டுமானால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் தடுமாறும் வரிகளைத் திருத்தி முடித்த பிறகு தலைவருக்கு அனுப்பலாம்.